படகில் இரண்டு பேட்டரி: பிரித்து வைப்பதும் அளந்து பார்ப்பதும்

பினாங்கில் சொந்தமாகச் சின்னப் படகு வைத்து மீன்பிடிக்கப் போகிறவர்கள் பலர் இப்போது இரண்டு பேட்டரி வைத்திருக்கிறார்கள். இருந்தும் பத்து மாவுங் ஜெட்டிப் பக்கம் போனால் இந்தக் கேள்வி காதில் விழும்: "அண்ணே, ரெண்டு பேட்டரி புதுசா போட்டும் விடியக்காலையில இஞ்சின் ஸ்டார்ட் ஆகலையே, ஏன்?" பேட்டரிப் பெட்டியைத் திறந்தால் காரணம் கண்ணெதிரே இருக்கும். இரண்டு பேட்டரியின் சிவப்பு முனைகளையும் ஒரு தடித்த வயர் நிரந்தரமாகச் சேர்த்திருக்கும். கருப்பு முனைகளும் அப்படியே. இப்படிக் கட்டினால் அது ஒரே ஒரு பெரிய பேட்டரிதான். ராத்திரி முழுக்க விளக்கும் பம்பும் மின்சாரத்தை இழுக்கும்போது இரண்டும் சேர்ந்தே இறங்கும், சேர்ந்தே கைவிடும்.

இரட்டை பேட்டரி அமைப்பின் நோக்கமே பிரிப்பதுதான். இஞ்சினுக்கு என்று ஒரு பேட்டரி, மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு பேட்டரி. சார்ஜ் ஆகும் நேரத்தில் மட்டும் இரண்டும் சேரலாம். வீட்டுச் செலவுப் பணம் தீர்ந்தாலும் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒதுக்கிய பணத்தில் கை வைக்காமல் இருக்கிறோமே, அதே கணக்குதான் இங்கேயும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மற்ற வயரிங் எல்லாம் அதிலிருந்தே விளங்கிவிடும்.

ஒன்று ஏன் போதாது

இஞ்சினை ஸ்டார்ட் செய்ய எவ்வளவு மின்சாரம் போகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது, 3 வினாடி சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 பெருக்கல் 3, வகுத்தல் 3600. விடை 0.125 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம், அதாவது 3600 வினாடி, ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி). அதாவது 70 ஆம்பியர்-மணி பேட்டரியில் 500-ல் ஒரு பங்குகூட முழுதாகப் போகவில்லை. ஸ்டார்ட்டருக்குத் தேவை அளவு இல்லை, வேகம். அந்தச் சில வினாடிகளுக்குப் பேட்டரி பெரிய மின்னோட்டத்தை வோல்ட் விழாமல் தள்ளித் தர வேண்டும்.

மற்ற சாமான்களின் கதை வேறு. மீன் காட்டும் திரையும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து ஒன்றரை ஆம்பியர். உயிர் இறால் போட்டு வைக்கும் தொட்டியின் பம்பு இரண்டரை. விஎச்எஃப் ரேடியோ சும்மா கேட்டுக்கொண்டிருந்தாலே அரை ஆம்பியர். விளக்குகள் எல்இடியாக இருந்தால் எல்லாம் சேர்ந்து இன்னொரு அரை. மொத்தம் 5 ஆம்பியர்தான், பார்க்கச் சின்ன எண். ஆனால் கெண்டித் தீவுப் பக்கம் நங்கூரம் போட்டு எட்டு மணி நேரம் இருந்தால் 40 ஆம்பியர்-மணி போய்விடும். 70 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்குப் பாதிக்கு மேல் காலி. பாதிக்குக் கீழே இறங்கிய பேட்டரி விளக்கை எரிக்கும், ரேடியோவைப் பேச வைக்கும். ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னால் மட்டும் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும்.

இது எந்த நேரத்தில் நடக்கிறது என்பதையும் பாருங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையில் சுமத்ரா காற்று என்று சொல்லும் புயல்வரிசை வரும். அது பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகும் விடியற்காலையிலும்தான் கரையை நெருங்கும். அதாவது, பேட்டரி ராத்திரி முழுக்க உழைத்து மிகவும் தளர்ந்திருக்கும் நேரமும், இஞ்சின் உடனே உயிர் பெற்றாக வேண்டிய நேரமும் ஒன்றாக வந்து நிற்கும். அதனால்தான் இரண்டாவது பேட்டரியை நான் வசதியாக எண்ணுவதில்லை. லைஃப் ஜாக்கெட் இருக்கும் வரிசையிலேயே அதையும் வைக்கிறேன்.

இரண்டு வேலை, இரண்டு வகை

ஸ்டார்ட் பேட்டரியின் உள்ளே மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். பரப்பு அதிகம் என்பதால் ஒரே நேரத்தில் பெரிய மின்னோட்டம் கிடைக்கும். ஆனால் அடிக்கடி ஆழமாக இறக்கினால் அந்தத் தகடுகள் சீக்கிரம் உதிர்ந்துவிடும். டீப் சைக்கிள் பேட்டரியில் தகடுகள் தடிப்பானவை, எண்ணிக்கை குறைவு. மெதுவாக, நீண்ட நேரம் கொடுக்கவும், இறங்கி ஏறவும் செய்தவை அவை. சாதாரண கார் பேட்டரியை விளக்குக்கும் பம்புக்கும் வைத்துவிட்டு "ஒரு வருஷம்கூட வரலை" என்று கடைக்காரரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

டீப் சைக்கிள் பேட்டரியின் மேல் 100 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால், பெரும்பாலும் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் என்று அளந்த கணக்கு அது. 20 ஆம்பியர் வீதம் இழுத்தால் 5 மணி நேரம் வராது, குறைவாகத்தான் வரும். ஈய-அமில வகையில் அந்த 100-ல் 50-ஐத்தான் நாம் தொடலாம் என்பது நல்ல விதி. அதற்குக் கீழே திரும்பத் திரும்ப இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும்.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டார்ட் பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் குளிர்கால ஸ்டார்ட் ஆம்பியர் என்ற எண், மைனஸ் 18 டிகிரியில் அளந்தது. பினாங்கில் அந்தக் குளிரை யாரும் பார்க்கப் போவதில்லை. ஒரு பேட்டரியை இன்னொன்றோடு ஒப்பிட மட்டும் அந்த எண் உதவும். இங்கே எதிரி சூடு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். 25 டிகிரியில் நாலு வருஷம் வரக்கூடியது 35 டிகிரியில் இரண்டு வருஷம்தான். மத்தியான வெயிலில் மூடிக் கிடக்கும் படகின் பின்பக்கப் பெட்டிக்குள் 40 டிகிரி சர்வ சாதாரணம். காற்றோட்டம் இருக்கிற, நிழலான இடத்தில் பேட்டரியை வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சார்ஜ் ஆகும்போது ஈய-அமில பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும். காற்றில் அது 4 விழுக்காட்டைத் தாண்டினால் ஒரு தீப்பொறி போதும். பெட்ரோல் டாங்கும் பேட்டரியும் ஒரே மூடிய அறையில் இருப்பதை எங்கே பார்த்தாலும் எனக்கு மனம் பதறும்.

சேர்க்கவும் பிரிக்கவும்

பழைய வழி, இன்றும் நிறையப் படகுகளில் இருப்பது, நாலு நிலை வட்ட சுவிட்ச். ஒன்று, இரண்டு, இரண்டும், ஆஃப். மலிவு, கெடுவதற்கு அதிகம் ஒன்றுமில்லை. ஆனால் எல்லாம் மனிதரின் ஞாபகத்தை நம்பியிருக்கிறது. இஞ்சின் ஓடும்போது 'இரண்டும்' என்று வைத்து இரண்டு பேட்டரியையும் சார்ஜ் செய்ய வேண்டும். இஞ்சினை நிறுத்தியதும் திருப்பிவிட வேண்டும். மீன் கடிக்கிற நேரத்தில் அந்த ஞாபகம் யாருக்கு வரும்? சுவிட்ச் 'இரண்டும்' என்ற நிலையிலேயே கிடக்கும், நாம் முதலில் பார்த்த அந்த ஒரே பெரிய பேட்டரிக் கதைக்குத் திரும்பி வந்துவிடுவோம். இன்னொரு ஆபத்தும் உண்டு. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தச் சுவிட்சை 'ஆஃப்' நிலைக்குத் திருப்பினால், இஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவதற்குப் போக இடமில்லாமல் வோல்ட் சட்டென்று எகிறும். உள்ளே இருக்கும் டையோடும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் போய்விடலாம். இஞ்சின் நின்ற பிறகுதான் 'ஆஃப்'.

புதிதாக வயரிங் செய்கிறவருக்கு நான் சொல்வது வோல்ட் பார்த்துத் தானாகச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்சான ரிலே. விஎஸ்ஆர் என்று கேட்டால் படகுச் சாமான் கடையில் கொடுப்பார்கள். இது இரண்டு பேட்டரியின் சிவப்பு முனைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். வேலை செய்யும் விதம் அழகானது. நிறைவாகச் சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும் ஈய-அமில பேட்டரி தானாக 12.7, 12.8 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. அதனால் ஸ்டார்ட் பேட்டரியில் 13.3 முதல் 13.7 வோல்ட் வரை தெரிந்தால் ஒரே ஒரு அர்த்தம்தான்: இஞ்சின் ஓடுகிறது, சார்ஜ் வருகிறது. உடனே ரிலே இரண்டையும் சேர்த்துவிடும். இஞ்சினை நிறுத்தியதும் வோல்ட் இறங்கி 12.8 அளவுக்கு வந்தால் பிரித்துவிடும். எந்த வோல்ட்டில் சேரும், எதில் பிரியும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு கொஞ்சம் மாறும், அட்டையில் போட்டிருக்கும். ஸ்டார்ட் செய்ததில் போன 0.125 ஆம்பியர்-மணியை 15 ஆம்பியர் சார்ஜ் அரை நிமிஷத்தில் ஈடு கட்டிவிடும் என்பதால், ஸ்டார்ட் பேட்டரி முதலில் நிறைந்து, பிறகு மற்றதற்கு வழிவிடுகிற ஒழுங்கு தானாகவே அமைகிறது.

சில சமயம் ரிலே 'டக், டக்' என்று விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். மற்ற பேட்டரி மிகவும் காலியாக இருந்தால், சேர்ந்தவுடன் அது மின்னோட்டத்தை வாரி இழுத்து வோல்ட்டைக் கீழே கொண்டுவரும், ரிலே பிரியும், வோல்ட் ஏறும், மறுபடி சேரும். நல்ல ரிலேக்களில் இதற்காகவே சில வினாடித் தாமதம் வைத்திருப்பார்கள். காலிப் பேட்டரி இல்லாமலேயே அடித்தால் ரிலேயின் மெல்லிய கருப்பு வயரைப் பாருங்கள். அந்த வயரின் வழியாகத்தான் அது வோல்ட்டை அளக்கிறது. அதன் முனையில் பச்சை பூத்திருந்தால் ரிலேக்குத் தெரிகிற வோல்ட்டே தப்பு.

இதோடு இரண்டு தனித்தனி ஆன்-ஆஃப் சுவிட்ச் வேண்டும், இஞ்சினுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று. மூன்றாவதாக அவசரத்துக்கு இரண்டையும் கையால் சேர்க்கும் சுவிட்ச். ஸ்டார்ட் பேட்டரியே செத்துப்போனால் மற்றதைக் கொண்டு இஞ்சினை எழுப்ப அது உதவும். இந்த மூன்று வேலையையும் ஒரே கைப்பிடியில் செய்கிற இரட்டைச் சுற்று சுவிட்சும் கிடைக்கிறது. இடம் குறைவான படகுக்கு அது போதும்.

டையோடு வைத்த பழைய பிரிப்பான்களும் கடையில் கிடைக்கும். அவை 0.6, 0.7 வோல்ட்டைத் தாங்களே தின்றுவிடும், பேட்டரி எப்போதும் அரைகுறையாகவே சார்ஜ் ஆகும். வேண்டாம்.

லித்தியம் பக்கம் போக நினைப்பவர்கள் இந்த இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஓய்விலேயே 13.3 வோல்ட் அளவுக்கு நிற்கும். விஎஸ்ஆர் ஏமாந்துவிடும். இஞ்சின் நின்ற பிறகும் சார்ஜ் வருவதாக நினைத்துப் பிரிக்காமலேயே இருக்கக்கூடும். அதுமட்டுமல்ல, லித்தியம் கிடைக்கிற மின்னோட்டத்தை எல்லாம் விழுங்கும். ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் ஓடிச் சூடேறிக் கருகும். அங்கே ரிலேயை எடுத்துவிட்டு டிசி-டிசி சார்ஜர் வைக்க வேண்டும். 20 அல்லது 30 ஆம்பியர் என்று அளவு கட்டி, லித்தியத்துக்கு ஏற்ற வோல்ட்டில் அது கொடுக்கும். உங்கள் அவுட்போர்ட் இஞ்சின் எவ்வளவு ஆம்பியர் தரும் என்பதை அதன் புத்தகத்தில் பார்த்துவிட்டு, அதற்குக் குறைவான சார்ஜரை வாங்குங்கள்.

வயரும் பியூஸும்

பியூஸ் எதற்கு என்று கேட்டால் பலர் சாமானைக் காப்பாற்ற என்பார்கள். பேட்டரிப் பக்கம் வைக்கும் பியூஸ் வயரைக் காப்பாற்றத்தான். ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியே ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொட்டும். வயர் சில வினாடியில் செந்தணலாகும், பைபர்கிளாஸ் படகு பற்றிக்கொள்ளும். ஆகவே பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அமெரிக்கப் படகுத் தரக்குழுவான ஏபிஒய்சி சொல்வது 7 அங்குலத்துக்குள், ஏறக்குறைய 18 சென்டிமீட்டர். வயர் உறைக்குள் பாதுகாப்பாகப் போனால் தூரம் கொஞ்சம் கூடலாம். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த வயருக்கு அந்த விதி விலக்கு தருகிறது. விஎஸ்ஆர் வயருக்கு விலக்கு கிடையாது. அதன் இரண்டு முனையிலும் பேட்டரி இருப்பதால் இரண்டு முனையிலும் பியூஸ் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வைத்திருப்பதை நிறையப் பார்க்கலாம். நடுவில் வயர் தேய்ந்து ஷார்ட் ஆனால் மறுபக்கப் பேட்டரி தடையில்லாமல் கொட்டிக்கொண்டே இருக்கும்.

வயரின் தடிப்பை ஊகத்தில் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. செம்பின் மின்தடை, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு சதுர மில்லிமீட்டர் தடிப்பில் 0.0172 ஓம். பேட்டரியிலிருந்து முன்பக்க சுவிட்ச் பலகைக்கு 5 மீட்டர் என்றால், போய்த் திரும்ப 10 மீட்டர். அந்தத் திரும்பி வரும் கருப்பு வயரைக் கணக்கில் சேர்க்காமல் விடுபவர்கள் அதிகம். 20 ஆம்பியர் போகிறது என்றால், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் கிட்டத்தட்ட 1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 6-ல் 0.57 வோல்ட். 10-ல் 0.34 வோல்ட், அதாவது 3 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் கீழே. வழிகாட்டும் விளக்கு, ரேடியோ, கருவிகள் போன்ற முக்கியமானவற்றுக்கு 3 விழுக்காடுதான் உச்சவரம்பு என்பது படகு வேலைக்காரர்களின் பொது விதி. ஆகவே 10 சதுர மில்லிமீட்டர். மற்ற சாமான்களுக்கு 10 விழுக்காடு வரை விடலாம்.

வயர் பல இழை செம்பாக, ஒவ்வொரு இழையும் வெள்ளீயம் பூசியதாக இருக்கட்டும். வீட்டு வயரை வாங்கிப் போட்டால் உப்புக் காற்று உறைக்குள்ளேயே ஊர்ந்துபோய்ச் செம்பைக் கருக்கிவிடும். வெளியே பார்த்தால் புது வயர் மாதிரியே இருக்கும், உறையைச் சீவினால் உள்ளே கரித்தூள். வயர் முனையில் மாட்டும் உலோகக் காதான லக்கைச் சரியான அழுத்துக் கருவியால் நசுக்கிப் பிடிக்க வேண்டும். அதன் மேல் உள்பக்கம் பசையுள்ள சுருங்கும் குழாயைப் போட்டுச் சூடாக்கினால் பசை உருகி ஓரத்தில் ஒரு வளையமாகப் பிதுங்கி நிற்கும். அந்த வளையம் சுற்றிலும் தெரிந்தால்தான் தண்ணீர் உள்ளே போகாது என்று அர்த்தம். பேட்டரி முனையில் கையால் திருகும் இறக்கை நட்டு வேண்டாம். அலையில் படகு அடிபடும் அடியில் அது தளரும். நைலான் நட்டு அல்லது ஸ்பிரிங் வாஷரோடு சாவி போட்டு இறுக்குங்கள்.

இரண்டு பேட்டரியின் கருப்பு முனைகள் மட்டும் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும். பிரிப்பு எல்லாம் சிவப்புப் பக்கத்தில்தான். கருப்பைப் பொதுவாக்காவிட்டால் விஎஸ்ஆர் சேர்த்தாலும் சார்ஜ் திரும்பி வர வழியிருக்காது.

எவ்வளவு மிச்சம்?

பிரித்தாயிற்று. இனி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். பெட்ரோல் அளவு காட்டும் கருவி இல்லாமல் யாரும் கடலுக்குப் போவதில்லை. பேட்டரியில் மட்டும் ஏனோ நம்பிக்கையில் போகிறோம்.

குறைந்த செலவில் வோல்ட் மீட்டர் ஒன்று, இரண்டு பேட்டரியையும் மாற்றிப் பார்க்கிற மாதிரி. ஈய-அமில பேட்டரி சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு 12.7 காட்டினால் நிறைவு. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால், 11.8 என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. முழுக்கும் பாதிக்கும் நடுவே அரை வோல்ட்தான் வித்தியாசம். அதனால் ஊசி ஆடுகிற மீட்டரில் இதைப் படிக்கவே முடியாது, ஒரு தசமமாவது காட்டும் டிஜிட்டல் மீட்டர் வேண்டும். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், சார்ஜை நிறுத்தியவுடன் பார்த்தால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். இஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை தெரிய வேண்டும். 12.6-லேயே நின்றால் சார்ஜ் வரவில்லை, 14.8-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும் அந்த நொடியில் ஸ்டார்ட் பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அதற்கு வயதாகிவிட்டது, அல்லது எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது.

லித்தியத்தில் வோல்ட் மீட்டர் பயன்படாது. முக்கால்வாசி நேரம் வோல்ட் ஒரே இடத்தில் நின்றுவிட்டு, கடைசியில் சரிந்துவிடும்.

இன்னும் சரியாகத் தெரிய வேண்டுமானால் ஷண்ட் வைத்த பேட்டரி மானிட்டர். ஷண்ட் என்பது அளவு துல்லியமாகத் தெரிந்த மிகச் சிறிய மின்தடை, இரண்டு பெரிய போல்ட்டு கொண்ட பித்தளைக் கட்டி மாதிரி இருக்கும். 500 ஆம்பியர் போனால் அதன் இரு முனைக்கும் நடுவே 50 மில்லிவோல்ட் தெரியும். நம் படகின் 5 ஆம்பியருக்கு அரை மில்லிவோல்ட். அந்தச் சின்ன எண்ணைப் படித்து, உள்ளே எவ்வளவு வந்தது, வெளியே எவ்வளவு போனது என்று மானிட்டர் நொடிக்கு நொடி கணக்கு எழுதிக்கொண்டே இருக்கும்.

இதை மாட்டும்போதுதான் நிறையப் பேருக்குத் தவறுகிறது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். சாமான்களுக்கான பேட்டரியின் கருப்பு முனையிலிருந்து ஒரே ஒரு தடித்த வயர் கிளம்பி ஷண்டின் 'பேட்டரி' பக்கத்துக்குப் போக வேண்டும். அந்த முனையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஷண்டின் மறுபக்கத்திலிருந்து பொதுக் கருப்புப் பட்டைக்கு ஒரு வயர். விளக்கு, பம்பு, ரேடியோ, சோலார், ஸ்டார்ட் பேட்டரியின் கருப்பு வயர், எல்லாமே அந்தப் பட்டையில்தான் வந்து சேர வேண்டும். படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் கருப்பு வயரைப் பேட்டரி முனையிலேயே பழையபடி விட்டுவிட்டால், அது குடிக்கும் மின்சாரம் கணக்கில் வராது. ஸ்டார்ட் பேட்டரியின் கருப்பு வயரைத் தப்பான பக்கத்தில் மாட்டினால் இஞ்சினிலிருந்து வரும் சார்ஜ் முழுவதும் கணக்கில் விடுபடும். திரையில் 60 விழுக்காடு என்று தெரியும், உள்ளே 90 இருக்கும். முதலில் சொன்னது இதைவிட மோசம், அதில் திரை 90 காட்டும்போது உள்ளே 60 இருக்கும்.

மானிட்டருக்குப் பேட்டரியின் அளவைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நிறைந்ததா என்பதை அது இரண்டு அடையாளத்தை வைத்து முடிவு செய்கிறது: வோல்ட் உயரத்தில் இருக்க வேண்டும், உள்ளே போகும் மின்னோட்டம் மிகவும் குறைந்திருக்க வேண்டும், 100 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 4 ஆம்பியருக்கும் கீழே என்கிற மாதிரி. அப்போது தன் கணக்கை 100 விழுக்காடு என்று திருத்திக்கொள்ளும். நம் மாதிரி முக்கால் மணி ஓட்டம் போய், நங்கூரம் போட்டு, முக்கால் மணி ஓட்டம் திரும்பி வருகிறவர்களுக்கு அந்த நிறைவு கடலில் கிடைக்கவே கிடைக்காது. 15 ஆம்பியர் வீதம் முக்கால் மணி என்றால் 11 ஆம்பியர்-மணிதான். ராத்திரி போன 40 எங்கே, இந்த 11 எங்கே? அதிலும் கடைசி 20 விழுக்காட்டை ஈய-அமில பேட்டரி மிக மெதுவாகத்தான் வாங்கும். பாதி நிறைந்தபடியே கிடந்தால் தகட்டில் சல்பேட் கெட்டியாகிவிடும். அதனால் கரைக்கு வந்ததும் கரைமின்சாரத்தில் சார்ஜரைப் போட்டு, ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிடுவதுதான் பேட்டரிக்கும் மானிட்டருக்கும் நல்லது.

எல்லாம் மாட்டிய பிறகு ஒரு சோதனை செய்யுங்கள், காசு செலவில்லாதது. இஞ்சினை நிறுத்தி ஒரு மணி நேரம் விடுங்கள். ஸ்டார்ட் பேட்டரியின் முனையில் மல்டிமீட்டரை வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது விளக்கு, பம்பு, ரேடியோ, திரை எல்லாவற்றையும் போடுங்கள். ஸ்டார்ட் பேட்டரியின் எண் அசையவே கூடாது. மற்ற பேட்டரி 12.6-லிருந்து 12.4-க்கு இறங்கும்போது இதுவும் கூடவே இறங்கினால், எங்கோ ஒரு வயர் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் அது மீன் காட்டும் திரையைப் பிறகு மாட்டியவர் கைக்கு எட்டிய சிவப்பு முனையில் சொருகிவிட்டுப் போனதாக இருக்கும்.

படகைக் கட்டிவிட்டுப் போகும்போது

எல்லாச் சுவிட்சையும் ஆஃப் செய்தாலும் பில்ஜ் பம்பு மட்டும் உயிரோடு இருக்க வேண்டும். அதன் சிவப்பு வயர் மெயின் சுவிட்சைத் தாண்டி, தனி பியூஸோடு நேராகப் பேட்டரிக்குப் போகட்டும், மிதவைச் சுவிட்ச் அதை இயக்கட்டும். எந்தப் பேட்டரிக்கு என்று கேட்டால், சாமான் பேட்டரிக்கு என்பேன். ஸ்டார்ட் பேட்டரியில் மாட்டச் சொல்பவர்களும் உண்டு, அது எப்போதும் நிறைவாக இருக்கும் என்று. ஆனால் அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்றுதானே இத்தனை பாடும்.

நவம்பர் மழையில் பினாங்கு எப்படி நனையும் என்று 2017 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே மூடாத 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் உள்ள படகில் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால், உள்ளே வருவது 1,200 லிட்டர் வரை. ஒரு சின்னப் பம்பு அதை வெளியேற்ற ஒரு மணி நேரமோ கொஞ்சம் கூடுதலோ எடுக்கும், செலவு 3 ஆம்பியர்-மணி அளவுதான். ஆகவே மழை பேட்டரியைக் காலியாக்குவதில்லை. காலியாக்குவது இரண்டு விஷயம். ராத்திரி மீன்பிடித்துவிட்டுப் பாதி தீர்ந்த பேட்டரியை அப்படியே விட்டுப் போவது ஒன்று. குப்பையோ நைலான் நூலோ சிக்கி மிதவைச் சுவிட்ச் மேலேயே மாட்டிக்கொள்வது இன்னொன்று. 3 ஆம்பியர் பம்பு ஒரு நாள் முழுக்க வறண்டு ஓடினால் 72 ஆம்பியர்-மணி. படகை விட்டு இறங்கும் முன் மிதவையைக் கையால் தூக்கிவிட்டுப் பாருங்கள். பம்பு ஓட வேண்டும், விட்டதும் நிற்க வேண்டும்.

ஜெட்டியில் மின்சாரம் இல்லாதவர்கள் 20 வாட் சோலார் பலகை ஒன்றைச் சின்ன ரெகுலேட்டரோடு சாமான் பேட்டரியில் மாட்டலாம். நம் வெயிலுக்கு நாளைக்கு 5 ஆம்பியர்-மணி எதிர்பார்க்கலாம். பேட்டரி தானாக இறங்குவதையும் எப்போதாவது ஓடும் பம்பையும் அது ஈடுகட்டும். சோலாரின் சிவப்பு வயருக்கும் பேட்டரிப் பக்கத்தில் ஒரு பியூஸ் வேண்டும், கருப்பு வயர் பொதுப் பட்டையில்.